தேயிலைக்குள் விழுந்தால் அவுட்

பந்து மேலே போனது. எங்கள் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் ஒரே குரலில் கத்தினோம்.

"அவுட்டு!"

சிலர் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் மணி, "போச்சு, எல்லாம் போச்சு" என்று கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டான். நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன்.

கண்ணைத் திறந்தபோது தொலைக்காட்சியில் நடுவர் இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டு நின்றார்.

சத்தியமாகச் சொல்கிறேன், ஐந்தாறு விநாடிக்கு அந்த அறையில் ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு ஒரு பெண் குரல் சந்தேகத்தோடு கேட்டது.

"சிக்ஸுங்களா அது?"

"அட ஆமா! சிக்ஸுதான்! சிக்ஸு!"

அதற்குப் பிறகு கூரைத் தகரம் அதிர்ந்தது. பகலில் கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் கட்டடம்தான் பிள்ளைக்காம்பரா. அன்று ஞாயிற்றுக்கிழமை. தொட்டில்களைச் சுருட்டி மேலே கட்டிவிட்டு, ஹட்டனிலிருந்து வாடகைக்குக் கொண்டுவந்த பெரிய பெட்டியை வைத்திருந்தோம். ஒரு துடுப்பாட்ட வீரன் ஆறு ஓட்டம் அடித்ததற்கு அவனுடைய சொந்தத் தோட்டமே கூடியிருந்து 'அவுட்டு' என்று அலறியது உலகத்தில் அன்றுதான் முதல் தடவையாக இருக்கும்.

அதைவிட விசேஷம் திரையில் நடந்தது. அடித்தவன் எங்கள் யோகன். பந்தை அடித்த கையோடு துடுப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தலையைக் குனிந்து, ஓய்வறைப் பக்கமாக இரண்டு எட்டு நடந்துவிட்டான். மறுமுனையில் நின்றவன் ஓடிவந்து முழங்கையைப் பிடித்து நிறுத்தினான். வர்ணனையாளர் ஒருவர், கையுறையை மாற்ற நினைத்தார் போலும் என்றார். இன்னொருவர், வெயில் தலைக்கேறியிருக்கும் என்று சிரித்தார்.

கையுறையும் இல்லை, வெயிலும் இல்லை. அவன் ஏன் நடந்தான் என்று இந்த உலகத்தில் எங்களுக்கு மட்டும்தான் தெரியும். எங்களிலும் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும்.

ஒரு வாசகரின் கோபம்

இந்தத் தொடரை நான் எழுதத் தொடங்கியதிலிருந்து கொட்டகலை வாசகர் ஒருவர் விடாமல் கடிதம் போடுகிறார். "தபால் கந்தோர் கதை எழுதினீர்கள், திருவிழாக் கதை எழுதினீர்கள், உங்கள் வீட்டுக் கோழி காணாமல் போனதைக்கூட இரண்டு வாரம் எழுதினீர்கள். நாட்டுக்காக ஆடிய யோகநாதன் உங்களோடு ஒரே லயத்தில் வளர்ந்தவர் என்கிறார்கள். அவரைப் பற்றி எழுத மட்டும் ஏன் கை வரவில்லை? பொறாமையா?"

ஐயா, பொறாமை இல்லை. வெட்கம்.

எழுதலாமா என்று யோகனிடமே தொலைபேசியில் கேட்டேன். "எழுதுடா ராசு. ஆனா என்னய சாமியாக்கி மாலைய போட்டுறாத" என்றான். முடிந்தவரை பார்க்கிறேன்.

மைதானம் என்று நாங்கள் சொன்ன இடம்

டிக்கோயாவில் பஸ்ஸை விட்டு இறங்கி, முக்கால் மணி நேரம் ஏறினால் எங்கள் தோட்டம். கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு சமதரை இருக்கிறது. மலையில் சமதரை கிடைப்பதே பெரும் பாக்கியம், ஆகையால் அதை மைதானம் என்று சொன்னோம். ஒரு பக்கம் லயங்கள், தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகள். பந்து கூரைத் தகரத்தில் விழுந்தால் உள்ளேயிருந்து ஒரு அம்மா கரண்டியோடு வெளியே வருவார். மறுபக்கம் சரிவு. சரிவு முழுக்கத் தேயிலை.

மூன்று மணிக்கு மேல் பனிமூட்டம் இறங்கிவிடும். பந்து வீச ஓடி வருகிறவனின் கால் சத்தம் கேட்கும், ஆளைத் தெரியாது. பந்து கண்ணில் படும்போது அது பாதித் தூரத்தைத் தாண்டியிருக்கும். எங்களில் பலர் அந்தப் பனிக்குள் துடுப்பைக் குருட்டாம்போக்கில் சுழற்றிவிட்டுச் சாமியைக் கும்பிட்டோம்.

யோகன் மட்டும் காத்திருப்பான். பந்து மூக்குக்கு நேரே வந்த பிறகுதான் அவன் துடுப்பு அசையும். அவசரப்பட்டு நான் பார்த்ததே இல்லை. பதின்மூன்று வயதில் அவனுக்கு அந்த நிதானம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பிற்காலத்தில் பெரிய பெரிய வர்ணனையாளர்கள், "பந்தை இவ்வளவு தாமதமாக ஆட இவருக்கு எந்தப் பயிற்சியாளர் சொல்லிக்கொடுத்தார்?" என்று வாய் ஓயாமல் வியந்தார்கள். டிக்கோயாப் பனிக்குச் சம்பளம் கொடுக்க யாரும் முன்வரவில்லை.

கண்டாக்கையா வந்த நாள்

இனி வெட்கத்துக்கு வருகிறேன்.

அந்த வருஷம் மைதானத்துக்குக் கீழே இருந்த சரிவில் பழைய தேயிலையைப் பிடுங்கிவிட்டுப் புதுக் கன்றுகள் நட்டிருந்தார்கள். முழங்கால் உயரம்கூட இல்லை. அந்தப் பக்கம் கால் வைக்கக் கூடாது என்று காலைப் பெரட்டில், அதாவது வேலைக்குப் பேர் கூப்பிடும் இடத்தில், கண்டாக்கையா தினமும் எச்சரித்துக்கொண்டிருந்தார். கண்டாக்கையா என்றால் மலையில் நடக்கும் வேலைகளுக்குப் பொறுப்பான உத்தியோகத்தர். அவர் நடந்து வந்தால் காக்காகூடக் கத்தாது.

ஒரு நாள் மாலை நான் ஆடிக்கொண்டிருந்தேன். பனி விலகியிருந்தது. மணி வீசிய பந்து நல்ல வாட்டமாக வந்தது. எனக்கு என்ன பிடித்ததோ, கண்ணை மூடிக்கொண்டு ஒரு இழுப்பு இழுத்தேன். பந்து வானத்துக்கு ஏறி, கன்றுகளுக்கு நடுவில் எங்கேயோ போய் விழுந்தது.

இருந்தது ஒரே பந்து. நாலைந்து பேர் குதித்து இறங்கினார்கள். தேடுகிற வேகத்தில் கன்றுகள் முறிந்தன. "கண்டாக்கு வர்றாருடா!" என்று யாரோ கத்தியதும் இறங்கியவர்கள் சிட்டாய்ப் பறந்தார்கள். யோகன் மட்டும் நின்றான். பந்தைக் கண்டெடுத்தவன் அவன். கையில் பந்தோடு நின்றான்.

கண்டாக்கையா முறிந்த கன்றுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு மேலே ஏறி வந்தார். முகம் சிவந்திருந்தது.

"யாருடா அடிச்சது?"

நான் அவருக்கு எட்டடி தூரத்தில் துடுப்பை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றேன். என் அப்பா அதற்கு முந்திய மாதம்தான் குடித்துவிட்டு வேலையில் தகராறு பண்ணி, இன்னொரு புகார் வந்தால் பேரை வெட்டிவிடுவோம் என்று எச்சரிக்கை வாங்கியிருந்தார். தோட்டத்தில் பேரை வெட்டினால் வேலையும் போகும், இருக்கிற லயத்துக் காம்பராவும் போகும். தோட்டம் முழுக்கத் தெரிந்த விஷயம் அது.

"நான்தாங்கய்யா அடிச்சேன்" என்றான் யோகன்.

நான் வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கு இருபத்தைந்து வருஷத்துக்குப் பிறகு பத்திரிகையில் எழுதித் திறக்கிறேன்.

யோகனுடைய அப்பா பெருமாள் மாமாவை வேலையிலிருந்து பாதியில் கூப்பிட்டு அனுப்பினார்கள். ஆபீஸ் வாசலில் நிற்க வைத்துத் தோட்டத்து மேலதிகாரியான துரை ஏசினார். மூன்று நாள் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மாமா தலையை ஆட்டிவிட்டு வந்தார். அந்த மூன்று நாளும் அவர் லயத்து வாசலில் உட்கார்ந்து மம்பட்டிப் பிடியைச் செதுக்கிக்கொண்டிருந்தார். நான் அந்தப் பக்கம் போகாமல் தொழிற்சாலையைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

நான் போட்ட சட்டம்

நான் அணித்தலைவன். துடுப்பு என் தாய்மாமன் வாங்கிக்கொடுத்தது என்பதைத் தவிர அந்தப் பதவிக்கு வேறு தகுதி கிடையாது. அடுத்த வாரம் ஆட்டம் தொடங்குமுன் அறிவித்தேன்.

"இனிமே தேயிலைக்குள்ள விழுந்தா அவுட்டு. யாரா இருந்தாலும் அவுட்டு. பேசாம பேட்டைக் குடுத்துட்டு நடக்கணும்."

யோகன் என்னை ஒரு பார்வை பார்த்தான், அவ்வளவுதான்.

சட்டம் பரவியது. மேல் கணக்கு என்று நாங்கள் சொல்லும் மேல் பிரிவுப் பிள்ளைகள், பக்கத்துத் தோட்டத்தார், யார் வந்து ஆடினாலும் அதுதான் சட்டம். வேடிக்கை பார்க்கிற பெண்களுக்கும் கிழவர்களுக்கும் அது பழகிவிட்டது. பந்து மேலே எழும்பினாலே, விழுகிற வரைக்கும் காத்திராமல், "அவுட்டு!" என்று சத்தம் வரும். ஆறு ஓட்டம் என்று ஒன்று இருப்பதையே எங்கள் தோட்டம் மறந்துபோனது.

நான் போட்ட சட்டத்துக்கு அதிகமாகப் பலியானது நானேதான். வாரத்துக்கு இரண்டு தடவையாவது தேயிலைக்குள் அடித்துவிட்டு நடப்பேன். யோகன்? பதினெட்டு வயதில் கொழும்புக்குப் போகும்வரை ஒரு தடவைகூட அவன் பந்து தேயிலைக்குள் விழவில்லை. ஒரு தடவைகூட! தரையோடு தரையாக, வீசியவனின் காலுக்குப் பக்கத்தில், லயத்துக்கும் தேயிலைக்கும் நடுவில் இருந்த அந்த ஒற்றையடி இடைவெளியில் அடித்தான். தள்ளி நிற்பவர்கள் தடுக்கப் பார்த்தால் மணிக்கட்டைக் கொஞ்சம் திருப்புவான். பந்து அவர்களைச் சுற்றிக்கொண்டு போகும். பார்க்கப் பார்க்க அலுக்காது.

ஹட்டன் பாடசாலையில் எங்களுக்குக் கணக்குப் படிப்பித்தவர் யாழ்ப்பாணத்து மாஸ்டர். வேறு ஆள் இல்லாததால் கிரிக்கெட்டையும் அவர் தலையில் கட்டியிருந்தார்கள். முதல் நாள் யோகன் ஆடியதைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே எங்களிடம் கேட்டார்.

"உவனை எங்கையடா இவ்வளவு நாளும் ஒளிச்சு வைச்சனியள்?"

அவன் நின்றான்

கொழும்பில் ஒரு கம்பனி அணிக்காக ஆடினான், கம்பனியிலேயே வேலையும் கிடைத்தது. விடுமுறைக்கு வந்து திரும்பும்போதெல்லாம் நான்தான் விடியற்காலை பஸ்ஸில் ஏற்றிவிடுவேன். பொல்பிட்டிய பக்கத்து வளைவுகளில் அவன் ஒரு தடவையும் தவறாமல் வாந்தி எடுப்பான் என்று பின்னால் சொல்லியிருக்கிறான். பேய் வேகத்தில் வீசுகிறவர்களால் அவனை ஒரு அங்குலம் அசைக்க முடிந்ததில்லை. அந்த வளைவுகளால் முடிந்தது.

நாட்டுக்காக அவன் ஆடிய முதல் டெஸ்ட்டில் பெரிதாக ஒன்றும் அடிக்கவில்லை. ஆனால் ஒரு முழுக் காலைப்பொழுது நின்றான். மறுமுனையில் விக்கட்டுகள் மளமளவென்று விழ, இவன் கிளறிவிட்ட அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி நிதானமாக நின்றான். அடுத்த வருஷம் தெற்கே ஒரு மைதானத்தில் முதல் நூறு வந்தது.

அன்று அவன் அம்மா மாரியாயி அத்தை மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். மகன் ஆடும்போது தான் பார்த்தால் அவன் ஆட்டமிழந்துவிடுவான் என்பது அத்தையின் அசைக்க முடியாத நம்பிக்கை. நான் மேடு ஏறி ஓடி, மூச்சு வாங்க நின்று கத்தினேன்.

"அத்தை! யோகன் நூறு அடிச்சிட்டான்! வாங்க, டீவியில காட்டுறாங்க!"

"ஆட்டம் முடிஞ்சிருச்சா?"

"இல்ல அத்தை, இன்னும் நிக்கிறான்."

"அவன் நிக்கிறான்ல? அப்ப நானும் நெற முடிச்சிட்டுத்தான் வருவேன். நீ போ, குறுக்க நிக்காத."

கை நிற்கவே இல்லை. ஆனால் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். பக்கத்துத் தேயிலை நிரைகளில் நின்ற பெண்கள் குலவை போட்டார்கள்.

அடுத்த பத்து வருஷம் எங்களுக்கெல்லாம் தலைகால் புரியவில்லை. ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே பேக்கரி வைத்திருக்கும் சிங்கள முதலாளி, யோகன் ஆடுகிற நாட்களில் "அபே கொல்லா!", நம்ம பையன், என்று சொல்லிச் சொல்லி வருகிறவனுக்கெல்லாம் தேநீர் கொடுத்தார். வெளிநாட்டு மைதானங்களில், பந்து பாம்பாய் வளைகிற குளிரில், பெரிய பெரிய பெயர்களெல்லாம் வந்த வேகத்தில் திரும்பிக்கொண்டிருக்க, இவன் நாள் முழுக்க நின்று அணியைக் காப்பாற்றிய ஆட்டங்கள் எத்தனை! எதிரணி வீரர்கள் வரிசையாக வந்து கை கொடுத்துவிட்டுப் போவார்கள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? தபால் கந்தோரில் முத்திரை விற்றுக்கொண்டே வாய் கிழியப் பெருமை பேசினேன். "அவன் தரையோட ஆடுறானே, அது யார் போட்ட சட்டம்? நான் போட்டது!" வரிசையில் நின்றவர்கள் வாயைப் பிளந்தார்கள். சட்டம் ஏன் வந்தது என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஒரு அடி மட்டும் இல்லாதவன்

காலம் மாறியது. ஐந்து நாள் ஆட்டத்தைப் பார்க்க ஆள் இல்லை. எல்லோருக்கும் பந்து கூரைக்கு மேலே போக வேண்டும். இருபது ஓவர் அணியில் யோகனுக்கு இடமே கிடைக்கவில்லை. பிறகு ஒருநாள் அணியிலிருந்தும் எடுத்தார்கள். டெஸ்ட் ஆட்டங்கள் வருஷத்துக்கு இரண்டு மூன்று என்று சுருங்கின.

கொழும்புப் பத்திரிகை ஒன்று எழுதியது: "இவரிடம் எல்லா அடியும் இருக்கிறது, ஒன்றைத் தவிர."

அதைப் படித்துவிட்டுப் பத்திரிகையை மடித்து முத்திரைப் பெட்டிக்கு அடியில் வைத்தேன். பயிற்சியாளர்கள் சொல்லிப் பார்க்காமலா இருந்திருப்பார்கள்? அவனால் முடியவில்லை. பந்தைத் தூக்க வேண்டும் என்று மூளை சொன்னாலும் கை மறுத்தது. அந்தக் கையைக் கட்டிப் போட்டவன் யார்? முத்திரை விற்றுக்கொண்டு பீற்றிக்கொண்ட அதே ஆள்தான். நான் செய்த தப்புக்கு அவன் அப்பா மூன்று நாள் வாசலில் உட்கார்ந்தார். அதை மூடி மறைக்க நான் போட்ட சட்டம் இப்போது அவன் வாழ்க்கையையும் முடித்து வைக்கப் போகிறது. எனக்குத் தூக்கம் போனது.

ஒன்றரை வருஷம் அவன் ஒருநாள் அணிக்கு வெளியே இருந்தான். வயது முப்பத்திரண்டு ஆகிவிட்டது. அப்போதுதான் முக்கியமான வீரர் ஒருவருக்கு விரல் முறிந்தது. ஒரே ஒரு ஆட்டத்துக்கு யோகனைக் கூப்பிட்டார்கள். இதில் அடித்தால் அணியில் இருக்கலாம், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகலாம் என்று தேர்வாளர்கள் அவன் முகத்துக்கு நேரேயே சொல்லிவிட்டார்கள்.

ஆட்டத்துக்கு முன்னால் பத்து நாள் கிடைத்தது. அவன் கொழும்பில் தங்கிப் பயிற்சி எடுக்கவில்லை. தோட்டத்துக்கு வந்தான்.

ஆறு நாட்கள்

"ராசு, பழைய டீம கூப்புடுடா" என்றான்.

பழைய டீம் வந்தது. ஆளுக்கொரு தொப்பை. மணிக்கு முழங்கால் வலி. எங்கள் நல்ல காலம், மைதானத்துக்குக் கீழே இருந்த தேயிலையை அப்போது கவ்வாத்து வெட்டியிருந்தார்கள். கிளைகளை அடியோடு நறுக்கி மொட்டையாக விட்டிருந்ததால் பந்து விழுந்தாலும் சேதமில்லை, தேடி எடுப்பதும் சுலபம். இப்போதுள்ள கண்டாக்கையா இளவட்டம். "ஐயா, நானே பொறுக்கித் தர்றேன்" என்று கீழே போய் நின்றுகொண்டார்.

நான் பந்து வீசினேன். யோகன் தரையோடு அடித்தான்.

"தூக்குடா!"

மறுபடியும் தரையோடு அடித்தான். ஒரு மணி நேரம் இதே கதை. கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்றைத் தூக்கினான். பந்து அழகாகப் போய் மொட்டைத் தேயிலைக்கு நடுவில் விழுந்தது. நாங்கள் கை தட்டினோம். அவனோ துடுப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மைதானத்தை விட்டு நடந்துகொண்டிருந்தான்.

"எங்கடா போற?" என்று மணி கத்தினான்.

யோகன் நின்று திரும்பிப் பார்த்தான். தான் நடந்ததே அவனுக்குத் தெரியவில்லை. "கால் தானா போகுதுடா" என்றான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை.

அன்று மாலை அவனைத் தனியாகப் பிடித்தேன். "யோகா, எல்லாம் என்னால வந்தது. அன்னிக்கு நான் மட்டும் வாயத் தொறந்திருந்தா..."

அவன் முடிக்கவிடவில்லை. "இப்ப தொறந்து என்னடா செய்யப்போற? நாளைக்கு நேரத்தோட வந்து பந்தப் போடு."

ஆறு நாளும் போட்டேன். தோள் கழன்றது. நான்காம் நாள் ஐந்துக்கு ஒன்று தேயிலைக்குள் போனது. ஆறாம் நாள் ஐந்துக்கு மூன்று போனது. நடப்பதும் நின்றிருந்தது. முப்பத்திரண்டு வயதில், உலகமே பார்த்து மெச்சிய ஆட்டத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, தொப்பை விழுந்த எங்கள் முன்னால் அரிச்சுவடியிலிருந்து தொடங்கினான் அந்த மனுஷன். அவன் அடித்த நூறுகள் எல்லாவற்றையும்விட அந்த ஆறு நாளைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

மறுபடியும் அந்த ஞாயிறு

நின்றிருந்தது என்று நினைத்தேன். கடல் கடந்த மைதானத்தில், அத்தனை ஆயிரம் பேர் நடுவில், முதல் ஆறு ஓட்டத்தை அடித்ததும் அவன் கால் மறுபடியும் நடந்துவிட்டது. நான் அன்று வாயைத் திறக்காததற்கு அவன் கால் இன்னும் நடந்துகொண்டிருந்தது.

ஆனால் அவன் திரும்பி வந்து நின்றான். கையுறையை இறுக்கினான். அடுத்த ஓவரில் இன்னொன்றைத் தூக்கினான். இந்தத் தடவை எங்களில் பாதிப் பேர் அவுட் என்றோம், பாதிப் பேர் சிக்ஸ் என்றோம். நடுவர் எங்களில் பாதிப் பேரின் பக்கம் நின்றார். யோகன் அசையாமல் நின்ற இடத்திலேயே நின்றான். அதற்குப் பிறகு எதிரணித் தலைவருக்குத் தலை சுற்றிப் போனது. ஆட்களைத் தள்ளி நிறுத்தினால் பந்து தரையோடு போகிறது, கிட்ட நிறுத்தினால் தலைக்கு மேலே போகிறது. கடைசி ஓவரில் இரண்டு பந்து மிச்சமிருக்க, வீசியவனின் காலுக்குப் பக்கத்தில் ஒன்றைத் தட்டிவிட்டான். ஆட்டம் முடிந்தது.

அதன்பின் அவன் மூன்று வருஷம் அந்த அணியில் ஆடி, தானாகத்தான் விலகினான்.

பிள்ளைக்காம்பராவில் யார் யாரைக் கட்டிப் பிடித்தார்கள் என்று கணக்கே இல்லை. மணி வெளியே நின்று, "என்னாச்சு? என்னாச்சு?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்து மூன்று பேரோடு முட்டிக்கொண்டான். கோயிலிலிருந்து தப்பு மேளத்தை எடுத்துவந்து அடித்தார்கள்.

பெருமாள் மாமா முன்வரிசைக் கதிரையிலிருந்து மெதுவாக எழுந்தார். "கால் மரத்துப் போச்சு. வீட்டுல விட்டுரு ராசு" என்றார். மாலை வெளிச்சம் இன்னும் இருந்தது. லேசான தூறல். லயத்துக்கு ஏறும் கல் படிகளில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். பாதியில் அவர் மூச்சு வாங்க நின்றார்.

இனியும் மறைக்க முடியாது என்று எனக்குத் தோன்றியது.

"மாமா, ஒன்னு சொல்லணுங்க. அன்னிக்கு, கன்னு முறிஞ்ச அன்னிக்கு, பந்த அடிச்சது யோகன் இல்லீங்க. நான்தாங்க."

மாமா என்னைப் பார்த்தார். முகத்தில் கோபமும் இல்லை, ஆச்சரியமும் இல்லை.

"தெரியும்டா" என்றார்.

"யோகன் சொன்னானுங்களா?"

"அவன் எங்க சொன்னான்? இன்னிக்கு வரைக்கும் சொல்லல. அன்னிக்கு நான் மேல் மலையில தண்ணிக் கான் வெட்டிக்கிட்டு நின்னேன். அங்கிருந்து பாத்தா கிரவுண்டு முழுக்கத் தெரியும். நீ அடிச்சத என் கண்ணால பாத்தேன்."

"அப்ப ஆபீசுல ஏன் மாமா சொல்லல?"

"சொல்லியிருந்தா ஒங்கப்பன் பேர வெட்டியிருப்பாங்க. ஆறு பேரு ரோட்டுல நின்னுருப்பீங்க. எனக்கு மூனு நாளுதானே?" அவர் ஒரு படி ஏறினார். மறுபடியும் நின்று, கீழே மைதானத்தையும் அதற்கும் கீழே இருந்த சரிவையும் பார்த்தார். தலையை ஆட்டிக்கொண்டார்.

"ஆனா ராசு, நல்ல அடிடா அது. மம்பட்டிய ஊனிக்கிட்டு அப்புடியே நின்னு பாத்தேன். நம்ம பய இன்னிக்கு அடிச்சானே, இதுகூட அவ்வளவு தூரம் போகல."

என் துடுப்பாட்டத்தை ஒருவர் பாராட்டியது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். நான் அந்த ஈரப் படியிலேயே உட்கார்ந்து, மாமா கையை விடாமல், வாய்விட்டு அழுதேன்.